கேபிளை கட் பண்ணிட்டேன், எச்பிஓ தொடர் ஏன் கனடா நெட்ஃபிளிக்ஸ்ல இல்ல, சி-11 தடுக்குதா?

இல்லங்க, சி-11 எதையும் தடுக்கல. 2023 ஏப்ரல்ல வந்த அந்த கனடா ஆன்லைன் ஸ்ட்ரீமிங் சட்டம் வெளிநாட்டு ஸ்ட்ரீமிங் கம்பெனிங்களும் கனடா நிகழ்ச்சிகளுக்குப் பங்களிக்கணும்னுதான் சொல்லுது, இன்ன தொடரை காட்டாதேன்னு சொல்லல.

நீங்க தேடுறது கிடைக்காததுக்குக் காரணம் பெரும்பாலும் உரிமம்தான். எச்பிஓ தொடர்களுக்கு கனடா உரிமையை பெல் மீடியாங்கற கனடா கம்பெனி வாங்கி வச்சிருக்கு, அதனால அது அவங்களோட ஸ்ட்ரீமிங் சேவையான க்ரேவ்ல வருது, இதுக்கு கேபிள் தேவையே இல்ல, க்ரேவை தனியா சந்தா கட்டியே பாக்கலாம். இது நிறைய பேருக்குத் தெரியாம திரும்ப கேபிளுக்கே போயிடறாங்க, அதைப் பாத்தா எனக்கு வருத்தமா இருக்கு.

ஜஸ்ட்வாட்ச்ங்கற வெப்சைட்ல போய் நாடு கனடான்னு மாத்திட்டு தொடர் பேரை போடுங்க, எந்தச் சேவையில இருக்குன்னு உடனே காட்டும். எதுலயுமே இல்லன்னா இங்க இன்னும் யாரும் உரிமை வாங்கலன்னு வச்சுக்கலாம்.

ஒண்ணு மட்டும் கவனிங்க: வருஷத்துக்கு 2.5 கோடி டாலருக்கு மேல கனடாவுல சம்பாதிக்கிற, உள்ளூர் ஒளிபரப்பாளரோட சேராத சேவைங்க வருமானத்துல 5 சதவீதம் கனடா நிகழ்ச்சிகளுக்குத் தரணும்னு 2024 ஜூன்ல கனடா ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான சிஆர்டிசி உத்தரவு போட்டுச்சு, கம்பெனிங்க அதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போனாங்க. அது சந்தா விலையில எதிரொலிக்கலாம், அதனால வருஷ சந்தா கட்டறதுக்கு முன்னாடி மாசச் சந்தாவுல பாத்துக்கோங்க.