உறுதி எங்கே இருக்கிறது? வேதவசனத்தை நம்பி வாழ்வது பற்றிச் சில கேள்விகள்

கிளிநொச்சியில் எங்கள் வேதபாட வகுப்புக்கு வருகிறவர்கள் தாளில் எழுதித் தந்த கேள்விகள் இவை. வேதவசனத்தை எந்த அளவுக்கு நம்பிச் சாயலாம் என்பதுதான் ஏறக்குறைய எல்லோருடைய தவிப்பும். பெயர்களை விட்டுவிட்டு ஊர்களை மட்டும் போட்டிருக்கிறேன். நான் போதகர் அல்ல. பள்ளிக்கூடத்தில் கிறிஸ்தவ சமயம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். வாசித்ததையும் வாழ்ந்து பார்த்ததையும் வைத்துப் பதில் எழுதுகிறேன்.

பரந்தன், ஓர் இளம் தாய்: ரீச்சர், ஞானஸ்நானம் எடுத்து ஆறு வருடமாகிறது. முன்பெல்லாம் ஜெபிக்க முழங்காலிட்டாலே கண்ணீர் வரும். இப்போது ஒன்றும் வருவதில்லை. நான் இரட்சிக்கப்பட்டவள்தானா என்று பயமாக இருக்கிறது.

மகள், உங்கள் வீட்டுக் காணியின் உறுதியைக் கடைசியாக எப்போது எடுத்துப் பார்த்தீர்கள்? பார்க்காத நாட்களில் காணி உங்களுடையது இல்லாமல் போய்விட்டதா?

எபிரெயர் 11:1 இப்படிச் சொல்கிறது: “விசுவாசமானது நம்பப்படுகிறவைகளின் உறுதியும், காணப்படாதவைகளின் நிச்சயமுமாயிருக்கிறது.” காணிப் பத்திரத்தையும் நாங்கள் உறுதி என்றுதான் சொல்கிறோம். அந்த இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது ‘ஹுப்போஸ்தாசிஸ்’ என்ற சொல். எகிப்தில் கிடைத்த பழைய பாப்பிரஸ் தாள்களில் அதே சொல் சொத்துரிமைப் பத்திரங்கள் தொடர்பாகவும் வருகிறது. இந்த வசனத்துக்கு அந்தப் பொருளை எல்லா அறிஞர்களும் ஏற்பதில்லை. ஆனாலும் வன்னியில் இருந்து வாசிக்கிற எனக்கு அந்தப் பொருள் நெஞ்சில் வந்து ஒட்டிக்கொள்கிறது.

எரேமியா 32ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகையிட்டிருக்கிறது. தீர்க்கதரிசி எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத்தில் உள்ள ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கும்படி கர்த்தர் சொல்கிறார். அவர் வாங்கினார். சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, நெடுங்காலம் கெடாமல் இருப்பதற்காக அதை மண்பாண்டத்தில் வைக்கும்படி தன் எழுத்தர் பாருக்கிடம் சொன்னார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் வாங்கப்படும் என்பதுதான் அதற்குக் காரணம். அன்றைக்கு எரேமியாவின் மனம் குதூகலித்ததா? பத்திரத்தை எழுதி முடித்த கையோடு அவர் செய்கிற ஜெபத்தைப் பாருங்கள். முற்றுகை மேடுகள் நகரத்துக்கு எதிரே நிற்கும்போது நிலத்தை வாங்கு என்கிறீரே என்று திகைக்கிறார். திகைப்பு அவருடைய நெஞ்சில் இருந்தது. உறுதி மண்பாண்டத்துக்குள் இருந்தது.

நாங்களும் அப்படித்தானே செய்தோம்? இடம்பெயர்ந்தபோது காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாவற்றையும் சொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தோம். என் பையில் வேதாகமமும் இருந்தது. 2009இல் போரின் கடைசியில் நந்திக்கடல் களப்பைக் கடந்தபோது நெஞ்சளவு தண்ணீர். பையின் ஒரு முனை அவிழ்ந்துவிட்டது. சங்கீதம் 88இலிருந்து 94 வரையான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிறகு முகாமில் தரப்பாளுக்குக் கீழே இருந்து தையல் ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஓரங்கள் பழுப்பேறிக் கிழிந்திருந்தன. எழுத்து அழியவில்லை.

யோவான் தன் முதல் நிருபத்தை எதற்காக எழுதினேன் என்று 5:13இல் சொல்கிறார்: “உங்களுக்கு நித்தியஜீவன் உண்டென்று நீங்கள் அறியவும்.” உணரவும் என்று எழுதவில்லை, அறியவும் என்றே எழுதினார். கண்ணீர் வருகிற நாளில் அதற்காக நன்றி சொல்லுங்கள். வராத நாளில் யோவான் 6:37ஐ வாய்விட்டு வாசியுங்கள்: “என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை.”

புதுக்குடியிருப்பு, ஒரு தகப்பன்: பங்கருக்குள் இருந்து நாங்கள் ஒவ்வோர் இரவும் சங்கீதம் 91ஐச் சொன்னோம். “அது உன்னை அணுகாது” என்று சொல்லிச் சொல்லியே என் மகனை இழந்தேன். பிறகு ஒருவர், எங்கள் விசுவாசம் போதாமல் போயிற்று என்றார். இனி அந்தச் சங்கீதத்தை நான் எப்படி வாசிப்பது?

அண்ணா, உங்கள் தாளை வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஒன்றும் எழுத முடியாமல் இருந்தேன்.

முதலில், உங்களிடம் அப்படிச் சொன்னவர் பிழையாகச் சொன்னார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று தானே பதிலும் சொன்னார் இயேசு (லூக்கா 13:4, 5). உங்கள் மகனின் சாவை உங்கள் விசுவாசக் கணக்கில் எழுத எவருக்கும் உரிமையில்லை.

91ஆம் சங்கீதத்தை இயேசுவின் முன்னால் எடுத்துச் சொன்னவன் யார் என்று நினைத்துப் பாருங்கள். தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, தூதர்கள் உம்மைத் தாங்குவார்கள் என்று எழுதியிருக்கிறதே, குதியும் என்றவன் பிசாசு (மத்தேயு 4:6). அந்த வசனத்தைத் தாயத்தாகக் கட்டிக்கொள்ள இயேசு மறுத்தார். பிற்பாடு சிலுவையில் இறந்தார். சங்கீதம் பொய்யாகிவிட்டதா? அதே சங்கீதத்தின் 15ஆம் வசனத்தில் “ஆபத்தில் நானே அவனோடிருந்து” என்று இருக்கிறது. நம்புகிறவனுக்கும் ஆபத்து வரும் என்பதை அந்தப் பாட்டே ஒத்துக்கொள்கிறது. பவுல் ரோமர் 8இல் பசி, நிர்வாணம், பட்டயம் என்று ஒவ்வொன்றாக எண்ணுகிறார். அவை வராது என்று அவர் சொல்லவில்லை. அவை எதுவும் கிறிஸ்துவின் அன்பிலிருந்து நம்மைப் பிரிக்காது என்கிறார். மரணத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்கிறார்.

இப்போதைக்கு 91ஐ விட்டுவிடுங்கள் அண்ணா. 88ஐ வாசியுங்கள். முறைப்பாடுகளோடு தொடங்குகிற சங்கீதங்கள் பெரும்பாலும் நம்பிக்கையில் போய் முடியும். இது கடைசி வரி வரை இருளிலேயே நிற்கிறது. அதையும் கர்த்தர் தம்முடைய புத்தகத்துக்குள் எழுத விட்டிருக்கிறார். அந்த இருளுக்குள்ளிருந்தும் அவரை நோக்கியே பேச முடிகிறது. நீங்கள் இன்னும் கேட்கிறீர்கள், தாளில் எழுதித் தருகிறீர்கள். என் கண்ணுக்கு அது விசுவாசமாகவே தெரிகிறது.

விசுவமடு, உயர்தர மாணவி: “விசுவாசம் கேள்வியினால் வரும்” என்று ரோமர் 10:17இல் இருக்கிறது. நான் சபையில் கேள்வி கேட்டால், கேள்வி கேட்காதே, நம்பு என்கிறார்கள். எது சரி?

நல்ல இடத்தைப் பிடித்திருக்கிறாய், தங்கச்சி. அந்த வசனத்தில் கேள்வி என்றால் காதால் கேட்பது. திருக்குறளின் 42ஆம் அதிகாரத்துக்குக் கேள்வி என்று பெயர் வைத்ததும் அந்தப் பொருளில்தான். அதனால் உன் வாதத்துக்கு அந்த வசனம் உதவாது. வேறு இடங்கள் உதவும். தூதனிடமே, இது எப்படியாகும் என்று மரியாள் கேட்டாள். பவுல் பிரசங்கித்ததை அப்படியே விழுங்காமல், காரியங்கள் அப்படி இருக்கிறதா என்று தினமும் வேதவாக்கியங்களை ஆராய்ந்த பெரோயா ஊராரை அப்போஸ்தலர் 17:11 நற்குணசாலிகள் என்கிறது. கேள். ஆனால் பதிலுக்காகக் காத்திரு, பதில் வரும்வரை வாசிப்பதை நிறுத்தாதே.

மாங்குளம்: புதுவருட ஆராதனையில் எனக்கு, கர்த்தருடைய நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்கிற எரேமியா 29:11 வாக்குத்தத்த அட்டை கிடைத்தது. அந்த வருடமே காலபோக நெல் முழுவதும் வெள்ளத்தில் போய்விட்டது. வசனம் பொய்த்துவிட்டதா?

பொய்க்கவில்லை. ஆனால் அட்டையில் ஒரு வரிக்கு மேல் இடமில்லை என்பதுதான் சிக்கல். அது பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதம். அதற்கு முந்தின வசனத்திலேயே 70 வருடம் என்ற தவணை இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்ட முதியவர்கள் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்டது, இருக்கிற இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்பதே. மீள்குடியேறியபோது கூரையில்லாத வீட்டு முற்றத்தில் முதல் வேலையாகக் கத்தரி நட்டவர்களுக்கு இது புரியும். கர்த்தருடைய நினைவு சமாதானத்துக்கேதுவானது என்பது உண்மை. இந்த வருட விளைச்சலுக்கு அது உத்தரவாதம் அல்ல. அட்டையை எறிந்துவிடாதீர்கள். அதை அந்த அதிகாரத்துக்குள் வைத்து முழுவதையும் வாசியுங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தைக் கர்த்தருடைய பதிலாக எடுக்கலாமா என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

இரணைமடு, ஒரு விவசாயி: தினமும் ஓர் அதிகாரம் வாசிக்கிறேன். மத்தியானத்துக்குள் மறந்துவிடுகிறது. பிரயோசனம் உண்டா?

தம்பி, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டத்தில் முடிவெடுப்பது அன்றைய வானத்தைப் பார்த்தா, குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்தா? மாரியில் சேர்ந்த தண்ணீரில்தான் கோடையில் பயிர் நிற்கிறது. உங்களுக்கு மறந்துபோகிற துளிகளும் குளத்துக்குள்தான் போகின்றன. ஆனால் ஓர் அதிகாரம் அதிகமாகத் தெரிந்தால், இரண்டு வசனத்தை எடுத்து மனனம் செய்யுங்கள். வரம்பில் நடக்கும்போது சத்தமாகச் சொல்லுங்கள்.

செட்டிகுளம்: பழைய மொழிபெயர்ப்பு விளங்கவில்லை. திருவிவிலியம் வாசிக்கலாமா?

தாராளமாக. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்த மொழிபெயர்ப்பு அது, 1995இல் வெளிவந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் இன்னும் நல்லது. வேதாகமத்தைத் தமிழில் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற பாடு எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் முன்னின்று செய்த 1850ஆம் ஆண்டு மொழிபெயர்ப்புக்குச் சைவரான ஆறுமுக நாவலர் துணைநின்றார்.

உடையார்கட்டு, பேத்தி எழுதித் தந்தது: என் அம்மம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. வசனத்தைப் பிடித்துக்கொள் என்கிறார்கள், வாசிக்கத் தெரியாத நான் எதைப் பிடிப்பது என்று கேட்கிறார்.

அம்மம்மாவிடம் வெளிப்படுத்தல் 1:3ஐச் சொல்லுங்கள். வாசிக்கிறவனும் கேட்கிறவர்களும் பாக்கியவான்கள் என்று இருக்கிறது. வாசிக்கிறவன் ஒருவன், கேட்கிறவர்கள் பலர். ஆதிச் சபையில் பெரும்பாலானோர் காதால் கேட்டே விசுவாசித்தார்கள். பேத்தி, நீ இரவில் விளக்கை அணைக்கும் முன் ஐந்து வசனம் வாசி, அவசரப்படாமல் வாசி. அம்மம்மா திருப்பிச் சொல்லட்டும். சங்கீதம் 13இல் ஆறே வசனங்கள்தான், அதில் தொடங்கலாம். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நானும் வருகிறேன். தேநீர் மட்டும் போதும் என்று அம்மம்மாவிடம் சொல்லிவை.