வேலியில்லாத வயல்களின் ஊர், லாக்ஸ்டன்

இங்கிலாந்தில் உங்களுக்குப் பிடித்த சின்ன கிராமம் எது, அதன் வரலாற்றில் என்ன விசேஷம் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள லாக்ஸ்டன்தான். தேவாலயம், பழைய கோட்டை மேடு, ஒரு பப், நடுவே ஒரு தெரு. பார்த்தால் சாதாரண ஊர்தான். அதிசயம் ஊருக்கு வெளியே வயலில் இருக்கிறது.

இங்கிலாந்தில் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் பொது வயல்களைப் பிரித்து வேலி போட்டுவிட்டார்கள். இங்கே வெஸ்ட் ஃபீல்ட், மில் ஃபீல்ட், சவுத் ஃபீல்ட் என்று மூன்று பெரிய வயல்கள் தப்பிப் பிழைத்தன. ஒவ்வொன்றும் நீளநீளமான பட்டைகளாகப் பிரிந்து கிடக்கும். ஒருவருடைய நிலம் ஒரே இடத்தில் இருக்காது, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். நல்ல மண்ணும் மட்டமான மண்ணும் எல்லோருக்கும் கலந்து கிடைக்க அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு அது. ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசு. அடுத்த வருஷம் முறை மாறும்.

விவசாயக் குடும்பத்தில் வளர்ந்த எனக்கு முதலில் கண்ணில் பட்டது ஒன்றுதான்: பட்டைகளுக்கு நடுவே வரப்பே இல்லை! வெறும் உழவுச்சால்தான் எல்லை. ஒரு சால் தள்ளி உழுதால் பக்கத்து நிலம் போச்சு. எங்கள் வீட்டில் அரைச்சாண் வரப்புக்காக அண்ணன் தம்பி வருஷக்கணக்கில் பேசாமல் இருந்ததைப் பார்த்தவள் நான்.

அதற்குத்தான் 'கோர்ட் லீட்' என்ற பழைய ஊர் நீதிமன்றம். நவம்பர் கடைசியில் விவசாயிகளே ஜூரிகளாக டிராக்டர் இழுக்கும் டிரெய்லரில் ஏறி, கோதுமை விதைத்த வயலைச் சுற்றி வருவார்கள். யாராவது பொதுப் பாதையையோ புல்வெளியையோ சேர்த்து உழுதிருந்தால், அங்கேயே சரியான எல்லையில் மர முளை அடிப்பார்கள். அபராதம் சின்னத் தொகைதான், ஆனால் தீர்ப்புச் சொல்வது தினமும் முகம் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர்.

1635இல் மார்க் பியர்ஸ் என்பவர் இந்த ஊரைப் பட்டை பட்டையாக அளந்து வரைந்த வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. உழுகிறவர்களைக்கூட குட்டிக்குட்டியாக வரைந்திருக்கிறார். அப்போது இருந்ததைவிட இன்று பட்டைகள் குறைவு, அகலமும் கூடிவிட்டது. நிலத்தின் உரிமையும் கைமாறியபடியே வந்திருக்கிறது: 1952இல் வேளாண் அமைச்சகம், 1981இல் அரச நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட், 2020இல் தோர்ஸ்பி எஸ்டேட் என்ற தனியார் பண்ணை.

போவதானால் நவம்பரில் போங்கள். வயல் சுற்றிய அடுத்த வாரம் பப்பில் நீதிமன்றம் கூடும். அங்கேதான் அடுத்த வருஷக் கோதுமை வயலுக்கான ஜூரிகளும் பதவியேற்பார்கள்.