குழந்தையின் கழுத்தில் இருப்பது அழுக்கல்ல

எட்டு மாத ஆண் குழந்தையின் கழுத்தின் பக்கங்களிலும் வயிற்றிலும் கால்களிலும் பழுப்புச் செதில்கள் படிந்திருக்கின்றன என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய தம்பிக்கும் சிறுவயது முதலே இப்படித்தானாம். சரியாகக் குளிப்பாட்டவில்லை என்று வீட்டுப் பெரியவர்கள் குறைசொல்ல, சோப்பு, பயத்தமாவு, எண்ணெய்க் குளியல் என எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டார். தேதி கடந்தும் வலி வராததால் மருந்து செலுத்தியே பிரசவம் ஆனது என்பதைப் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறார். எனக்கு அதுவே முக்கியமான தகவலாகப் பட்டது.

நேரில் பாராமல் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆயினும் ஆண் குழந்தை, தாய்மாமனுக்கும் அதே தோல், தாமதமான பிரசவ வலி ஆகிய மூன்றும் சேர்ந்தால், தோல் மருத்துவர் முதலில் நினைப்பது எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் இக்தியோசிஸ் என்னும் செதில் நோயைத்தான். ஆண்களில் சுமார் 2000 முதல் 6000 பேருக்கு ஒருவரிடம் இது காணப்படுகிறது.

தோலின் மேலடுக்கில் உள்ள இறந்த செல்களுக்கு இடையே நிரம்பியிருக்கும் கொழுப்பில் எடைக்கு ஏறக்குறையப் பாதி செராமைடு, கால் பங்கு கொலஸ்டிரால். இவை முழுவதும் தயாரான நிலையில் அங்கு வந்து சேர்வதில்லை. செராமைடில் பெரும்பகுதி, சர்க்கரை மூலக்கூறு ஒட்டிய கிளைக்கோலிப்பிடாகச் சுரந்து, பீட்டா-குளுக்கோசெரிப்ரோசிடேஸ் என்னும் நொதி அந்தச் சர்க்கரையை வெட்டிய பிறகே நீர் கசியாத படலமாக அமைகிறது. அதேபோல் கொலஸ்டிராலின் ஒரு பகுதி கொலஸ்டிரால் சல்ஃபேட்டாக இருக்கிறது. அதிலுள்ள சல்ஃபேட்டை நீக்குவது ஸ்டீராய்டு சல்ஃபேடேஸ் என்னும் நொதி.

இந்நோயில் இரண்டாவது நொதிக்கான மரபணுவே, பெரும்பாலானோரிடம் முழுமையாக, விடுபட்டுப்போயிருக்கிறது. கொலஸ்டிரால் சல்ஃபேட் பல மடங்கு தேங்குகிறது. செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதங்களைக் கரைத்து, பழைய செல்களை உதிரவைக்கும் நொதிகளை அது தடுத்துவிடுவதால், அன்றாடம் கண்ணுக்குத் தெரியாமல் உதிரவேண்டியவை அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு செதிலாகின்றன. நஞ்சுக்கொடியில் எஸ்ட்ரியால் என்னும் ஹார்மோன் உருவாகவும் இந்த நொதி வேண்டும். அது குறைந்ததால்தான் பிரசவ வலி தாமதப்பட்டிருக்கக்கூடும். ஆகவே தேய்த்துக் குளிப்பாட்டுவதால் இது போகாது, குளிப்பாட்டாததால் வந்ததும் அல்ல.

மாறாக, தேய்ப்பது கெடுதல். பீட்டா-குளுக்கோசெரிப்ரோசிடேஸ் இக்குழந்தைக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது சரியாக வேலை செய்ய தோலின் இயல்பான அமிலத்தன்மை, அதாவது பிஎச் 5-ஐ ஒட்டிய நிலை, தேவை. சாதாரண சோப்பின் பிஎச் 9 முதல் 10 வரை இருக்கும். இல்லாத நொதியை நம்மால் கொடுக்க முடியாதபோது, இருப்பதையாவது கெடுக்காமலிருக்கலாமே. நுரை குறைந்த, பிஎச் 5.5 அளவிலான குளியல் திரவம் போதும். மாவும் நாரும் வேண்டாம்.

வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் ஊறவைத்து, ஈரம் முழுதும் காய்வதற்குள் பெட்ரோலியம் ஜெல்லியைப் பூசுங்கள். விலையுயர்ந்த செராமைடு கிரீமை இந்நோய்க்காக வாங்கச் சொல்லமாட்டேன், ஏனெனில் இங்கே குறைவது செராமைடு அல்ல. செதிலை இளக்கும் யூரியா, லாக்டிக் அமிலக் களிம்புகளை எந்த வயதில், எந்த அளவில் தொடங்குவது என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். சாலிசிலிக் அமிலம் கைக்குழந்தைகளின் தோல் வழியே இரத்தத்தில் கலக்கும் என்பதால் கூடவே கூடாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு செதிலை நீக்காது, தோலை மெலியச் செய்யும்.

மரபணுப் பரிசோதனை நோயை உறுதிப்படுத்துவதோடு, அருகிலுள்ள மரபணுக்களும் விடுபட்டுள்ளனவா என்பதையும் காட்டும். விதைகள் இரண்டும் விதைப்பைக்குள் இறங்கியுள்ளனவா என்று குழந்தை மருத்துவர் பார்க்கவேண்டும். பின்னாளில் கருவிழியில் பார்வையைப் பாதிக்காத சிறு புள்ளிகள் தோன்றலாம். கவனக்குறைவுக் கோளாறும் இக்குழந்தைகளிடம் சற்று அதிகம்.

நோய் உறுதியானால், வாசகி பெரும்பாலும் அந்த மரபணுக் குறையைச் சுமப்பவராக இருப்பார். பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு, மகளுக்கு அதே அளவில் குறையைச் சுமக்கும் வாய்ப்பு உண்டு. அடுத்த கர்ப்பத்தின்போது மகப்பேறு மருத்துவரிடம் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடவேண்டும். நம் குடும்பங்களில் தாய்மாமன் திருமணம் இன்னும் பேசப்படுவதால் இன்னொன்றும் உண்டு: நோயுள்ள மாமன், அதே குறையைச் சுமக்கும் அக்கா மகளை மணந்தால், பெண் குழந்தைகளுக்கும் நோய் வெளிப்படலாம்.