சுயாட்சியும் வீட்டு வரியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

2008 வெள்ளத்துக்கு முன்பிருந்தே அயோவா மாநிலத்தின் சீடர் ராபிட்ஸில் வசிக்கிறேன். இங்கே ஓட்டும் உண்டு. 1968-இல் மாநிலம் முழுக்க வாக்கெடுப்பு நடத்தி நகரங்களுக்குச் சுயாட்சி தந்தார்கள், 1978-இல் கவுன்டிகளுக்கும் (நம்மூர் மாவட்டம் மாதிரி). ஆனால் பக்கத்து ஜான்சன் கவுன்டி மணிக்கு 10.10 டாலருக்கு உயர்த்திய குறைந்தபட்சக் கூலியை 2017-இல் மாநில அரசு ஒரே சட்டத்தில் 7.25-க்கு இறக்கிவிட்டது. அப்படியானால் அந்த வாக்கெடுப்பு ஏமாற்று வேலையா? (இந்த அழகில் ஊருக்கென்று ஒரு சதவீத விற்பனை வரி வேறு!)

கே.

அன்புள்ள கே.,

ஏமாற்று இல்லை. மாநிலச் சட்டத்தோடு முரண்படாதவரைதான் உள்ளூர் அதிகாரம் என்று அந்த வாக்கெடுப்பில் வந்த அரசியல் சட்டத் திருத்தத்திலேயே இருக்கிறது. கூலியில் மாநிலம் செய்தது அநியாயம், ஆனால் சட்டப்படியான அநியாயம். அதை விடுங்கள்.

அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, அதுதான் விஷயம். 1868-இல் அயோவா நீதிபதி ஜான் டில்லன், நகராட்சியை உண்டாக்கிய சட்டமன்றம் அதை அழிக்கவும் செய்யலாம் என்று தீர்ப்பெழுதினார். தன் தெருக்களில் ரயில் கம்பெனி தண்டவாளம் போடுவதைக் கிளின்டன் நகரம் தடுக்கப் பார்த்த வழக்கு அது. நூறு வருடம் கழித்து அதே மாநிலத்து மக்கள், சட்டமன்றம் வெளிப்படையாகக் கொடுத்த அதிகாரம் மட்டுமே நகரத்துக்கு உண்டு என்ற அவருடைய சட்ட விதியைத் தூக்கி எறிந்தார்கள். எறிந்த கையோடு ஒரு நிபந்தனை: சட்டமன்றம் வெளிப்படையாக அனுமதிக்காமல் நகரம் எந்த வரியும் போடக்கூடாது. அப்புறம் என்ன சுயாட்சி? சாவியைக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதுபோல.

என் சித்தப்பா ஊராட்சித் தலைவராக இருந்தார். தெருவிளக்கு எரியாவிட்டால் விடியற்காலையிலேயே திண்ணையில் ஆள் வந்துவிடும். வீட்டு வரி ரசீதுப் புத்தகத்தோடு எழுத்தர் தெருவில் இறங்கினால் மட்டும் ஆம்பிளைகள் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். "நம்ம காசு இல்லாத பஞ்சாயத்தை பிடிஓ எதுக்குடா மதிப்பான்?" என்பார். சாகும்வரை இதைச் சொல்லி எல்லோரையும் அறுத்தார். இப்போது நான்.

வெள்ளத்தில், ஆற்றின் நடுத்தீவில் இருந்த உங்கள் நகர மன்றக் கட்டடமே மூழ்கியது. 2009 மார்ச்சில் மீட்புப் பணிக்காக ஒரு சதவீத வரியை உங்கள் ஊரே ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்டது. மாநிலச் சட்டம் திறந்துவிட்ட ஒரு சந்து அது. படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் வெள்ளத் தடுப்புக்காக அதை நீட்டிக்கக் கேட்டபோது 2011-இலும் 2012-இலும் மறுத்துவிட்டீர்கள். 2013-இல் சாலை போடக் கேட்டதும் அதே ஒரு சதவீதத்தைக் கொடுத்தீர்கள். மாநில அரசைத் திட்ட முழுக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். அந்த மூன்று தடவையும் நீங்கள் எந்தப் பக்கம் போட்டீர்கள் என்று மட்டும் எழுதவில்லையே?