பத்து மணிக்குப் போன் வீட்டில் இருக்காது

கேள்வி: கூடலூர் பக்கம் ஒரு சிறிய பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். மழைக்கு அடிக்கடி விடுமுறை விடுவதால், வரும் ஜூனிலிருந்து அந்த நாட்களில் ஆன்லைன் வகுப்பு எடுக்கப் பள்ளி முடிவு செய்திருக்கிறது. பெற்றோரில் பாதிக்கு மேல் தோட்டத் தொழிலாளர்கள். இந்தக் குடும்பங்களுக்கு நாங்கள் எப்படித் துணையாக இருக்கலாம்?

பதில்: நான் கோத்தகிரி பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளியை மூடச் சொன்னபோது, கொஞ்ச நாள்தானே என்று சாக்பீஸ் டப்பாவை மேசை மேலேயே வைத்துவிட்டுக் கிளம்பினோம். ஒன்று முதல் எட்டு வரையிலான பிள்ளைகள் மறுபடி வகுப்பில் வந்து உட்கார்ந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. கிட்டத்தட்ட இருபது மாதம். நடுவில் நாங்கள் செய்த தப்புகளைச் சொல்கிறேன், உங்களுக்குக் கொஞ்சம் அலைச்சலாவது மிச்சமாகும்.

முதல் தப்பு, பள்ளிக்கூடத்து மணியையே போனுக்கும் அடித்தது. காலை பத்து மணிக்குக் கணக்கு, பதினொன்றரைக்கு அறிவியல் என்று அட்டவணை போட்டு வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். முதல் நாள் வந்தது ஆறு பேர். அதில் இரண்டு பேர் டவுனில் கடை வைத்திருப்பவர்களின் பிள்ளைகள். மற்றவர்களுக்கு அக்கறை இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

ஊரே அடங்கிக் கிடந்தபோதும் தேயிலைத் தோட்டங்களுக்கு ஏப்ரலிலேயே குறைந்த ஆட்களோடு வேலை பார்க்க அனுமதி கிடைத்துவிட்டது. கொழுந்து முற்றிப் போனால் யாருக்கு ஆகும்? ஆகவே பத்து மணிக்கு அம்மா தோட்டத்தில் இருப்பார், அப்பா வேறெங்காவது வேலையில் இருப்பார், வீட்டுக்கு இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் இந்த இருவரில் ஒருவரின் பையில் இருக்கும். பிள்ளை வீட்டில், போன் மலைச்சரிவில். பிறகு என்ன பத்து மணி வகுப்பு?

அப்புறம் ஒரு நோட்டு போட்டேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம், மூன்றே கேள்வி. போன் யாருடையது? எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும்? ரீசார்ஜ் எந்தத் தேதியில் முடியும்? மூன்றாவது கேள்வியைப் பார்த்து எங்கள் எச்.எம். சிரித்தார். ஆனால் அதுதான் அதிகம் உதவியது. பெரும்பாலானவர்கள் போடுவது 28 நாள் பேக். அது முடியும் தேதி மாதாமாதம் இரண்டு மூன்று நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். சம்பளத் தேதி நகராது. ஆக, எந்த வீடாக இருந்தாலும் ஏதோ ஒரு மாதத்தில் சம்பளத்துக்கு ஒரு வாரம் முன்பே பேக் முடிந்துவிடும். அந்த வாரம் பிள்ளை காணாமல் போகும். காரணம் தெரியாத ஆசிரியர் "ஆப்சென்ட்" என்று எழுதிக்கொண்டிருப்பார். தேதி கையில் இருந்ததால், யார் யார் எந்த வாரம் தொடர்பில் இருக்கமாட்டார்கள் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் அந்த வாரத்துப் பாடத்தைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுவோம்.

எல்லாருடைய பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தபோது, போன் வீட்டில் இருக்கும் நேரம் மாலை ஆறரையிலிருந்து எட்டரை வரை. வகுப்பை அங்கே கொண்டுபோனோம். எனக்கும் வீட்டில் அடுப்பு வேலை இருக்கிற நேரம்தான், மறைக்கவில்லை. வாரத்தில் நான்கு நாள் மட்டும், ஒரு நாளைக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் கிடையாது என்று பேசி வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது தப்பு இதைவிட மோசம். வீட்டுப்பாடம் அனுப்பாதவர்கள், பெற்றோர் பதில் போடாதவர்கள் என்று ஒரு பட்டியலைக் குழுவிலேயே போட்டேன். பத்து நிமிடத்தில் ஒரு அம்மா குழுவை விட்டு வெளியேறிவிட்டார். அடுத்த நாள் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு அவர் இருக்கும் லைன் வீட்டுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கு, போனேன். திண்ணையில் உட்காரச் சொல்லி, சாயா கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு இத்தனை நாளா எம் பொண்ணுக்கு மட்டும்தான் தெரியும் டீச்சர். நேத்து பக்கத்து வீட்ல வந்து, உன் பேரு வந்திருக்கே, பாக்கலையான்னு கேட்டாங்க. இப்ப லைனுக்கே தெரிஞ்சுபோச்சு."

என்ன சொல்வதென்று தெரியவில்லை. மன்னிச்சுக்குங்க அக்கா என்றேன். அவர் மறுபடி குழுவில் சேரவே இல்லை, நானும் வற்புறுத்தவில்லை. மாலை ஏழு மணி வாக்கில் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். நான் திருப்பிக் கூப்பிட்டு அன்றைய பாடத்தை அவர் மகளிடம் ஐந்து நிமிடம் சொல்வேன். ஸ்பீக்கரில் போட்டு அவரும் கேட்பார் என்பது, ஒரு நாள் பின்னத்தைப் பற்றி அவரே இடையில் கேள்வி கேட்டபோதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு குழுவை நாங்கள் மட்டும் செய்தி போடுவதாக மாற்றினோம். பிள்ளைகள் நோட்டைப் படம் எடுத்துத் தனியாக எனக்கே அனுப்பலாம். பெற்றோருக்கான செய்தி எல்லாம் குரலில்தான், ஒரு நிமிடத்துக்குள். எழுத்தில் வரும் சுற்றறிக்கையைப் படித்துக் காட்ட ஆள் தேடுகிற நிலையில் யாரையும் விடக்கூடாது. என்னோடு வேலை பார்க்கும் ஒரு ஆசிரியை படுகர். அதே செய்தியை அவர் படுக மொழியிலும் ஒருமுறை பேசிப் போடுவார். ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது பாட்டிமார்தானே. உங்கள் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் இருப்பார்கள். அந்தந்தக் குடியிருப்பிலேயே பேசத் தெரிந்த ஒரு அக்காவையோ அண்ணனையோ பேசவையுங்கள். நாம் தமிழில் எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் அந்த நெருக்கம் வராது.

சிக்னல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காத பிள்ளைகள் மேட்டுக்கோ பாறைக்கோ ஏறிப் போய் உட்காருவார்கள். பார்ப்பவர்கள் "படிப்பில் என்ன ஆர்வம்!" என்று படம் எடுத்துப் போடுவார்கள். எனக்கு அந்தப் படங்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். எங்கள் பக்கம் அந்தி நேரத்தில் தேயிலைக்குள் கரடியும் காட்டெருமையும் நிற்கும். உங்கள் பக்கம் யானை வேறு. மாலை வகுப்பு வைத்ததால் பிள்ளைகள் இருட்டில் பாறைக்கு ஏறுகிறார்கள் என்று தெரிந்ததும், நேரலை வகுப்பையே நிறுத்திவிட்டோம். சின்னச் சின்ன வீடியோவும் குரல் பதிவும் மட்டும். கல்லூரி மூடி வீட்டில் இருந்த ஒரு பையன் பகல் வெளிச்சத்தில் மேட்டுக்குப் போய் எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு வந்து, லைனில் உள்ள மற்ற போன்களுக்கு மாற்றிக் கொடுப்பான். முதலில் ஷேர்இட்டில்தான் அனுப்பிக்கொண்டிருந்தான். 2020 ஜூன் கடைசியில் சீனச் செயலிகளோடு சேர்த்து அதையும் தடை செய்துவிட்டார்கள். அப்புறம் மெமரி கார்டு. 8 ஜி.பி. கார்டு நான்கு வாங்கினோம், அது வாரம் முழுக்க வீடு வீடாகச் சுற்றும். பழைய பட்டன் போனிலும் கார்டு போட்டால் குரல் பதிவு ஓடும் என்பது எங்களுக்கே புதிதாகத் தெரிந்த சங்கதி.

கல்வித் தொலைக்காட்சி நல்ல காலமாக 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்தது. அரசு கேபிள் இருந்த வீடுகளுக்கு உதவியது. எங்கள் பக்கம் பெரும்பாலும் டிஷ், அதனால் எல்லாருக்கும் பயன்படவில்லை. பாடப்புத்தகத்தில் உள்ள கியூ.ஆர். கோடும் அப்படித்தான். சிக்னல் இருக்கும் வீட்டில் அருமையான வசதி, இல்லாத வீட்டில் கறுப்புக் கட்டம்.

பெற்றோரை நேரில் பார்க்க எங்களுக்குக் கிடைத்த இடம் அரிசி வரிசை. சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் பொட்டலமாகக் கொடுத்தார்கள் அல்லவா, அந்த நாளில் யாரும் வராமல் இருக்கமாட்டார்கள். பக்கத்திலேயே ஒரு பெஞ்சு போட்டு உட்கார்ந்துகொள்வேன். கூட்டம் என்று போட்டால் வேலையை விட்டுவிட்டு யார் வருவார்கள்? அரை நாள் கூலி போய்விடும். இங்கே வரிசை நகரும் நேரத்தில் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசலாம்.

அப்படிப் பேசியபோது, பாடத்தைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. கிட்டத்தட்ட எல்லா அம்மாக்களும் கேட்டது ஒன்றேதான்: "பையன் எந்நேரமும் போனையே நோண்டிட்டு இருக்கான். கேட்டா பாடம்ங்கறான். எது பாடம், எது கேம்னு எனக்கு எப்படி டீச்சர் தெரியும்?" நியாயமான கேள்வி. இதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு, எனக்கு அதில் கொஞ்சம் பெருமை. ஒவ்வொரு நாள் பாடத்தின் கடைசியிலும் ஒரு படத்தின் பெயரைச் சொல்வேன். இன்று குடை, நாளை கரடி, மறுநாள் கேரட். பாடத்தை முழுக்கக் கேட்டவர்களுக்கு மட்டும்தான் அது தெரியும். முடித்ததும் நோட்டின் ஓரத்தில் அந்தப் படத்தை வரைய வேண்டும். பெற்றோருக்குத் தனியாகக் குரல் செய்தி போகும்: "இன்னைக்கு குடை." படிக்கத் தெரியாத அம்மாவும் நோட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "எங்கடா குடை?" என்று கேட்கலாம். நோட்டில் குடை இருந்தால் போனை வாங்கி மேலே வைத்துவிடலாம். வீட்டில் அம்மாவுக்கு அதிகாரம் திரும்பக் கிடைத்தது என்று ஒருவர் சொன்னார். ஆட்டங்கள் ஒழிந்துவிட்டன என்று சொல்லமாட்டேன், குறைந்தது.

வீட்டுப்பாடத்தையும் மாற்றினோம். அம்மா பறித்த இலையின் எடை எழுதிய சீட்டைப் பார்த்து வாரக் கணக்குப் போடு, சராசரி எடு, எந்த நாள் அதிகம், ஏன் என்று கேள். இதற்குப் பெற்றோர் படித்திருக்க வேண்டியதில்லை. கேள்விக்குப் பதில் அவர்களிடம்தான் இருக்கிறது. ஒரு பிள்ளை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு நாள் எடையில் இரண்டு கிலோ விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்ததாம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கணக்குப் பாடத்துக்குப் போன் தடையில்லாமல் கிடைத்தது.

சரி, எல்லாம் நல்லபடியாக நடந்ததா என்றால், இல்லை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேரட் அறுவடைக்குப் போகத் தொடங்கினான். விடியும் முன்பே வண்டியில் ஏற்றிப் போவார்கள், கையில் காசு வரும். நான்கு முறை வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா கடைசியில், "நீங்க ஸ்கூலத் தொறங்க டீச்சர், அனுப்பறேன்" என்றார். திறந்தபோது அவன் வரவில்லை. எந்தக் குரல் செய்தியும் அவனை எட்டவில்லை.

வேறொரு லைனில் பிளஸ் டூ முடித்த ஒரு பெண் தன் தம்பியோடு சேர்த்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஐந்தாறு பேருக்குத் தானாகவே சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். 2021 அக்டோபரில் தன்னார்வலர்கள் வீட்டுப் பக்கத்திலேயே பாடம் சொல்லித்தரும் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது அவளைத் தன்னார்வலராகப் பதியச் சொன்னோம். மாதம் 1,000 ரூபாய். அதுவரை அவள் செய்ததற்கு நாங்கள் கொடுத்தது நோட்டும் பேனாவும்தான். இப்படி ஒருவர் உங்கள் பக்கமும் கட்டாயம் இருப்பார். முதல் வாரத்திலேயே தேடிப் பிடியுங்கள்.

இனி உங்கள் விஷயம். நாங்கள் மாட்டிக்கொண்டது நோயில், நீங்கள் திட்டமிடுவது மழைக்கு. இரண்டும் ஒன்றல்ல. மழைக்கு விடுமுறை விடும் நாள்தான் கரண்டும் சிக்னலும் முதலில் போகும் நாள். 2019 ஆகஸ்டில் நம் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. அந்த வாரம் போனில் வகுப்பு எடுக்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால், மரம் விழுந்த ரோட்டைக் காட்டியிருப்பேன். உங்கள் நிர்வாகத்திடம் இதை முதலில் பேசுங்கள். மழை நாளுக்கு ஆன்லைன் வகுப்பை நம்பாதீர்கள், தாளை நம்புங்கள். பத்து நாளுக்குப் போதுமான பயிற்சித் தாள்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஜூன் முதல் வாரத்திலேயே பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். விடுமுறை என்றால் கவரில் அடுத்த தாளை எடுக்க வேண்டியது, அவ்வளவுதான். போன் பேசுவதற்கு மட்டும் இருக்கட்டும்.

விடுமுறை அறிவிப்பே பல நேரம் காலையில்தான் வரும். அதற்குள் பெற்றோர் வேலைக்குக் கிளம்பியிருப்பார்கள். எஸ்டேட் காப்பகம் சின்னக் குழந்தைகளுக்கு மட்டும்தான். ஆகவே உங்கள் நோட்டில் நான்காவதாக ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: திடீர் விடுமுறை என்றால் பிள்ளையோடு யார் இருப்பார்கள்? யாரும் இல்லை என்று வருகிற வீடுகளுக்குத்தான் அன்று உங்கள் முதல் போன் போக வேண்டும். பாடம் அப்புறம்.

மெமரி கார்டு, கார்டு ரீடர், பிளாஸ்டிக் கவர் எல்லாம் மே மாதத்திலேயே வாங்கி வைத்துவிடுங்கள். மழை பிடித்துவிட்டால் பஜாருக்குப் போய் வருவதே ஒரு நாள் வேலை.