கிட்டாரும் ஃபில்லர் கேஜும்: ஒரு பொன்மலை ஃபிட்டரின் பதில்கள்

(சென்ற இதழில் என் கிட்டார்களோடு எடுத்த படத்தையும் நாலு வரி அறிமுகத்தையும் போட்டார்கள். அதற்கே இத்தனை கடிதங்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் மேடைக் கலைஞன் இல்லை. பொன்மலை ரயில்வே பணிமனையில் 1980இல் அப்ரண்டிஸாகச் சேர்ந்து 2021இல் ஓய்வு பெற்ற ஃபிட்டர். வீட்டுக் கூடத்தில் வாசிக்கிறவன். அந்த அளவுக்குள் பதில் சொல்கிறேன்.)

உங்களிடம் மொத்தம் எத்தனை கிட்டார்? எதை அதிகம் எடுப்பீர்கள்?
— வாசகர், திண்டுக்கல்

மூன்றரை.

முதலாவது கல்கத்தாவில் செய்தது, 1984 போனஸில் வாங்கினேன். அந்தப் பணத்துக்கு மிக்சி என்று அம்மா கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஒரு வாரம் என்னோடு பேச்சு இல்லை. இரண்டாவது யமஹா எஃப்310. பத்து நாளில் ஒன்பது நாள் கைக்கு வருவது இதுதான். மூன்றாவது யமஹா பசிஃபிகா எலெக்ட்ரிக், மகனுடையது. ஓசூருக்கு வேலைக்குப் போகும்போது, "அப்பா, நீங்க வாசிச்சுக்கிட்டு இருங்க, அப்புறம் வந்து எடுத்துக்கிறேன்" என்றான். ஆறு வருஷம் ஆகிறது. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

அந்த அரை, நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல். ஒரு சித்திரையில் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போனபோது கார் டிக்கியில் விட்டுவிட்டு மண்டபத்துக்குள் போய்விட்டேன். மூன்று மணி நேரம். பாயசம் வரை சாப்பிட்டு வந்து திறந்தால், பசை இளகி, கம்பி இழுத்த இழுப்பில், கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் என்ற கட்டை பலகையை விட்டுப் பாதி கிளம்பி நிற்கிறது. கிளாம்ப் போட்டு ஒட்டினேன், முழுதாகப் பிடிக்கவில்லை. கம்பி இல்லாமல் சுவரில் தொங்குகிறது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் கிட்டாரை வைக்காதீர்கள், ஐந்து நிமிஷம் என்றாலும்.

என் மகளுக்கு 11 வயது. மூன்று மாதமாகக் கற்றுக்கொள்கிறாள். விரல் வலிக்கிறது என்று அழுகிறாள். "தோல் காய்த்தால் சரியாகிவிடும்" என்கிறார் ஆசிரியர். விலை கூடிய கிட்டார் வாங்கித் தரலாமா?
— ஒரு தாய், கும்பகோணம்

அம்மா, பணத்தை இப்போதைக்குப் பத்திரமாக வையுங்கள். ஆசிரியர் சொல்வது பாதி சரி. விடாமல் வாசித்தால் தோல் சில வாரங்களில் காய்த்துவிடும். மூன்று மாதம் கழித்தும் அழுகிறாள் என்றால் எனக்குச் சந்தேகம் குழந்தையின் விரல் மேல் இல்லை, கிட்டார் மேல்தான்.

என் முதல் கிட்டாரில் ஆறு மாதம் எஃப் கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து அமுக்கும் பிடி) பிடிக்க வரவில்லை. நமக்கு இது விதிக்கவில்லை என்று முடிவே கட்டிவிட்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழக்க தோஷத்தில், பையிலிருந்த ஃபில்லர் கேஜை (சந்து அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டு) எடுத்து 12வது ஃப்ரெட்டுக்கும் (கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை) தடித்த கம்பிக்கும் நடுவே விட்டுப் பார்த்தேன். தகடு மேல் தகடாகச் சேர்த்துக்கொண்டே போகிறேன், இன்னும் இடம் இருக்கிறது. நாலரை மில்லிமீட்டரில்தான் கம்பியில் தட்டியது. இரண்டரை இருக்க வேண்டிய இடம்! இரண்டு மில்லி அதிக உயரத்தை விரல் நுனியால் ஆறு மாதம் அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உங்களுக்கு ஃபில்லர் கேஜ் வேண்டாம், ஓரத்திலிருந்தே அளவு தொடங்கும் ஸ்டீல் ஸ்கேல் போதும். 12வது ஃப்ரெட்டின் மேல் நிறுத்திக் கம்பியின் அடிப்பக்கம் வரை பாருங்கள். தடித்த கம்பிக்கு 2.5, மெல்லியதற்கு 2 மி.மீ. அருகில் இருந்தால் நல்ல கிட்டார். அடுத்து, கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அமுக்கிக்கொண்டு முதல் ஃப்ரெட்டைப் பாருங்கள். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் செய்தித்தாள் நுழையும் சந்துதான் இருக்க வேண்டும். பளிச்சென்று வெளிச்சம் தெரிந்தால், தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட் என்ற துண்டில் பள்ளம் ஆழமாக இல்லை. குழந்தைகள் வாசிப்பது முதல் மூன்று ஃப்ரெட்டில்தானே, அவர்களை அழவைப்பது பெரும்பாலும் இந்த நட்தான். இதில் நீங்கள் கை வைக்க வேண்டாம், கொஞ்சம் ஆழம் கூடினாலும் கம்பி இரையும். கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். கழுத்து வளைந்திருக்கிறதா என்றும் அவரே பார்த்துவிடுவார்.

பிரிட்ஜில் செருகியிருக்கும் வெள்ளைத் துண்டு, சாடில், அதை வீட்டிலேயே தேய்க்கலாம். கம்பியைத் தளர்த்தி உருவி எடுங்கள். அடிப்பக்கத்தில் பென்சில் கோடு போட்டு, கண்ணாடி மேல் விரித்த உப்புத்தாளில் சாயாமல் தேய்க்க வேண்டும். சாடிலில் ஒரு மில்லி எடுத்தால் 12வது ஃப்ரெட்டில் அரை மில்லிதான் இறங்கும். அவசரப்படாதீர்கள், தேய்த்தது திரும்பி வராது.

கம்பியையும் மாற்றுங்கள். கடையில் '12 செட்' என்றால் மெல்லிய கம்பி 0.012 அங்குலம். '10 செட்' கேளுங்கள், விரலுக்கு உடனே வித்தியாசம் தெரியும். இத்தனைக்குப் பிறகும் அழுதால் முக்கால் சைஸ் கிட்டார் பார்க்கலாம்.

யாரைக் கேட்டு வளர்ந்தீர்கள்?
— கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

தம்பி, முதலில் பக்கத்து குவார்ட்டர்ஸ் அங்கிள். ஆங்கிலோ இந்தியர், லோகோ டிரைவர். டியூட்டி முடிந்து வந்து குளித்துவிட்டு வராண்டாவில் அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸின் பாட்டுகளை வாசிப்பார். எனக்கு அவர் சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம்: "கட்டைவிரல்தான் டிரம்மர், மேன். அதை மட்டும் நிறுத்தாதே." மற்ற விரல்கள் தடுமாறினாலும் கட்டைவிரல் தடித்த கம்பிகளில் மாறி மாறி நடந்துகொண்டே இருக்க வேண்டும். இன்றைக்கும் தடுமாறும்போது அந்தக் குரல் கேட்கும்.

பிறகு, 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா'. அதில் வரும் கிட்டாரைக் கேட்டுக் கற்க ரீவைண்ட் பட்டனைத் தேய்த்தே விட்டேன். என் டேப்ரெக்கார்டரில் பெல்ட் தளர்ந்திருந்தது எனக்குத் தெரியாது. பாட்டு அரைக்கட்டை இறங்கி ஓடியிருக்கிறது, நானும் அப்படியே பாடம் பண்ணியிருக்கிறேன். நண்பனின் ஆர்கெஸ்ட்ராவில் பெருமையாக ஆரம்பித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. கீபோர்டுக்காரர் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! அந்தப் பாட்டில் கிட்டார் வாசித்தவர் ஆர்.சந்திரசேகர் என்று தெரியவே எனக்குப் பல வருஷம் ஆயிற்று. கேசட் உறையில் பாடியவர் பெயர் இருக்கும், எழுதியவர் பெயர் இருக்கும். விரல் தேய வாசித்தவர் பெயரைத் தேடினாலும் கிடைக்காது. இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஃப்ரெட் வைத்த சின்னக் கருவியில் ஸ்வரத்தை அசைக்கும் கமகம் எங்கே வரும் என்றவர்களின் வாயை மேண்டலின் ஸ்ரீனிவாஸ் அடைத்தார். அவருக்குப் பிறகுதான் கிட்டாரில் ராகம் தேடும் துணிச்சல் எனக்கு வந்தது. 'சக்தி' குழுவில் நம்ம விக்கு விநாயக்ராம் கடத்தோடு வாசித்த ஜான் மெக்லாலின், ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்த கிட்டார் வைத்திருந்தார். கம்பியை ஆழமாக இழுத்து வளைக்க வசதி. படித்ததும் அரத்தை எடுக்க எனக்கும் கை துறுதுறுத்தது. யமஹா தப்பித்தது.

தினமும் எவ்வளவு நேரம் பயிற்சி? எப்படி?
— வாசகர், காரைக்குடி

காலை ஐந்தே காலிலிருந்து நாற்பது நிமிஷம். முதல் பத்து நிமிஷம் மாயாமாளவகௌளை ராகம், அதுவும் ஒரே கம்பியில். திறந்த கம்பி ச. பிறகு 1 ரி, 4 க, 5 ம, 7 ப, 8 த, 11 நி, 12 மேல் ச. சுவர்க் கடிகாரத்தின் டிக் ஒன்றுக்கு ஒரு ஸ்வரம், அடுத்து இரண்டு, அடுத்து நாலு. சரளி வரிசையின் மூன்று காலம் அப்படியே. குறுக்கே ஆறு கம்பியில் வாசித்துப் பழகியவர்களுக்கு ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேல் போக பயம் இருக்கும், இதில் அது தெளிந்துவிடும். மீதி நேரம், நேற்று எந்த இரண்டு தாளவட்டத்தில் வழுக்கினேனோ அதை மட்டும். முழுப் பாட்டும் வாசிப்பது சனிக்கிழமைதான், போனில் பதிவு செய்து கேட்பேன். கேட்கச் சகிக்காது, ஆனால் அடுத்த வாரத்து வேலை அதில் கிடைத்துவிடும். மூட்டு வலிக்கிற அன்று விடுமுறை.

நான் பாடுவது ஐந்தரைக் கட்டை. கிட்டாரில் எப்படிப் பிடிப்பது?
— வாசகி, மதுரை

ஒரு கட்டை சி, இரண்டு டி, ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப். முதல் ஃப்ரெட்டில் காப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அமுக்கும் கவ்வி) மாட்டி ஜி கார்டு பிடியுங்கள், முடிந்தது. கூடப் பாடுபவர் இரண்டு கட்டை என்றால் இரண்டாவது ஃப்ரெட்டில் காப்போ, சி கார்டு.

எலெக்ட்ரிக் கிட்டாருக்கு நான்கு பெடல்கள் (ஒலியை மாற்றும் காலடிப் பெட்டிகள்) வாங்கப் பட்டியல் போட்டிருக்கிறேன். எது முதலில்?
— பொறியியல் மாணவர், கோவை

டியூனர், ஸ்ருதி சரியா என்று காட்டுவது. உங்கள் பட்டியலில் அதுதான் இல்லை. அடாப்டர் வாங்கும்போது பெடலில் போட்டிருக்கும் குறியைப் பாருங்கள். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ். வீட்டில் கிடந்த அடாப்டரைச் செருகி மகனுடைய டிஸ்டார்ஷன் பெடலைப் புகைத்தவன் சொல்கிறேன்.

விடிகாலையில் கிட்டார் வாசித்தால் உங்கள் வீட்டில் என்ன சொல்கிறார்கள்?
— வாசகி, புதுக்கோட்டை

"மோட்டார் போடுங்க" என்கிறார்கள். போட்டால் அதன் ரீங்காரம் ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸ். தடித்த கம்பியின் மூன்றாவது ஃப்ரெட் 98. தொட்டி நிரம்புகிற வரைக்கும் ஐந்து கட்டை ஸ்ருதிப் பெட்டி எனக்கு இலவசம், கொஞ்சம் ஏறியிருக்கும், அவ்வளவுதான்.