கிளினிக்கா, மாட்டுக் கொட்டகையா?

கேள்வி: கால்நடை மருத்துவம் நாலாம் வருடம் படிக்கிறேன். அடுத்து இன்டர்ன்ஷிப். அதில் சில வாரங்களை விருப்பப் பயிற்சியாக நாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்று கல்லூரியில் சொல்லியிருக்கிறார்கள். கூடப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் சென்னை, கோவை பெட் கிளினிக்குகளுக்குப் போகிறார்கள். எனக்கு ஆடு மாடு பக்கம்தான் மனசு. அப்பச்சி (அப்பா) எதுவும் சொல்லவில்லை. அம்மான் (தாய்மாமா)தான், "அஞ்சரை வருஷம் படிச்சது மாட்டுக்குப் பின்னாடி நிக்கவா, பொம்பளப் பிள்ளைக்கு இது சரிப்படுமா" என்கிறார். வெளிநாட்டில் இருக்கும் சீனியர் ஒருவர், அங்கே நாலு வார எலெக்டிவ் இருக்கிறது, கடன் வாங்கியாவது வா என்கிறார். நான் எதை எடுப்பது? — மீ., பள்ளத்தூர்

பதில்: பண்ணைக்கே போ தாயி. உனக்கு மனசு அந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, மனசு நாளைக்கே மாறலாம்.

பெட் கிளினிக் வேலையைப் படிப்பு முடித்த பிறகும் கற்றுக்கொள்ளலாம், அதுவும் சம்பளம் வாங்கிக்கொண்டே. நகரத்துக் கிளினிக்குகள் புதிதாக வெளியே வருகிற பிள்ளைகளை எடுத்துக்கொள்கின்றன, ஸ்கேன், ஆபரேஷன், தடுப்பூசி எல்லாம் ஒரு சீனியர் பக்கத்தில் நின்று கையில் பிடித்துக் கொடுத்துவிடுவார். பண்ணை அப்படி இல்லை. நீ பதிவு செய்த டாக்டர் ஆகிவிட்டால், அப்புறம் உன்னை யாரும் சும்மா கொட்டகையில் நிற்க விடமாட்டார்கள். ஏதாவது படுத்துவிட்டால்தான் போன் வரும், நீ போவாய், ஊசி போடுவாய், அடுத்த ஊருக்குக் கிளம்புவாய். விடிகாலைக் கறவையில் ஆரம்பித்து ராத்திரி கடைசித் தீவனம் வரை ஒரே பண்ணையில் நாள்கணக்கில் நின்று, பண்ணைக்காரரின் கணக்கு நோட்டைப் புரட்டி, கறவைக்காரரிடம் கேட்கக்கூடாத கேள்வியெல்லாம் கேட்கிற உரிமை மாணவியாக இருக்கும்போது மட்டும்தான் கிடைக்கும். அதை விட்டுவிடாதே.

அம்மானுக்கு முதலில் ஒன்றை விளக்கவேண்டும். மாட்டு வைத்தியம் வேறு, பண்ணை உற்பத்தி மருத்துவம் என்று உங்கள் பாடத்தில் வருகிறதே, அது வேறு. ஒரு மாட்டுக்கு மடி வீங்கினால் மருந்து கொடுப்பது வைத்தியம். நாற்பது மாட்டில் எட்டுக்கு மடிநோய் வந்தால், அந்த எட்டுக்கும் ஊசி போட்டுவிட்டு, மிச்சம் முப்பத்திரண்டைப் பார்க்கத் தொடங்குவதுதான் நான் சொல்வது. பால் பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் மடிநோய் பார்க்கிற சி.எம்.டி. சோதனைத் தட்டில் பீய்ச்சி மருந்துநீரைக் கலந்தால் சளி மாதிரி திரளும், அதுதான் வெளியே தெரியாத மடிநோய். அப்புறம் கேள்விகள். யாரை முதலில் கறக்கிறார்கள், நோய் வந்த மாட்டைக் கடைசியில் கறக்கிறார்களா, கறந்ததும் காம்பை மருந்தில் நனைக்கிறார்களா, கறந்த கையோடு மாடு ஈரத்தரையில் படுத்துவிடுகிறதா? காம்புத் துவாரம் மூட நேரம் எடுக்கும், அதனால் கறந்ததும் தீவனத்தைப் போட்டு நிற்கவைப்பார்கள். தெரிந்த கறவைக்காரர்கள் இதைக் காரணம் சொல்லாமலே செய்வார்கள். நீ காரணம் தெரிந்து செய்யச் சொல்வாய்.

பணக்கணக்குக்கு வருவோம், செட்டிநாட்டுப் பிள்ளைக்குக் கணக்கு பிடிக்காமல் இருக்குமா. கறவை மாடு 13 மாதத்துக்கு ஒரு கன்று போட்டால் நல்ல பண்ணை. நம்ம பக்கம் பல இடத்தில் அது 17 மாதம் வரை இழுக்கும். அந்த நாலு மாதத்தில் பால் பெயருக்குத்தான் இருக்கும், தீவனம் மட்டும் குறையாது. ஒரு நாளைக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொள், 120 நாளுக்கு 18,000. இருபது மாடு என்றால் 3,60,000. சரி, கொஞ்சம் பால் வந்திருக்கும் என்று பாதியைக் கழித்துவிடு, அப்பவும் 1,80,000 ரூபாய் போயிருக்கிறது. இதில் ஒரு மாடுகூட நோயில் படுக்கவில்லை, ஒரு டாக்டரும் கூப்பிடப்படவில்லை என்பதுதான் வேடிக்கை. காரணம் என்னவாக இருக்கும்? கலப்பின மாடு ராத்திரியிலோ விடியற்காலையிலோ பருவத்துக்கு வந்திருக்கும், வேலையாள் சாயங்காலமே வீட்டுக்குப் போயிருப்பார், யாரும் பார்த்திருக்கமாட்டார்கள், 21 நாள் போச்சு. அல்லது காலையில் பார்த்துவிட்டு அப்போதே சினை ஊசி போட்டிருப்பார்கள், சாயங்காலம் போட்டிருக்கவேண்டும். அல்லது கன்று போட்ட பிறகு பாலாகக் கொடுப்பதற்கு ஈடாக வயிற்றுக்குள் போகாமல் விலா எலும்பு தெரிய மெலிந்திருக்கும், அந்த உடம்பில் சினை எப்படி நிற்கும். இதைக் கண்டுபிடிக்க ஸ்டெதஸ்கோப் தேவையில்லை, ஒரு நோட்டும் அதைத் தினமும் எழுதுகிற ஒரு ஆளும் போதும். அந்த நோட்டை உருவாக்கிக் கொடுப்பதை உன் பயிற்சியின் முதல் வேலையாக வைத்துக்கொள்.

பால் சொசைட்டிச் சீட்டையும் படிக்கப் பழகு. கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் (பாலில் கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) வைத்துத்தான் காசு. கொழுப்பு திடீரென்று விழுந்தால் மருந்துக் கடைக்கு ஓடவேண்டாம், நார்த்தீவனம் குறைந்து கலப்புத் தீவனம் ஏறிவிட்டதா என்று தொட்டியைப் பார், சாணியைப் பார். வைக்கோல் விலை ஏறின மாதம் கொழுப்பு இறங்கும், இது ரெண்டுக்கும் முடிச்சுப் போடத் தெரிந்தால் நீ பாதி டாக்டர்.

"பொம்பளப் பிள்ளைக்கு" என்கிற கேள்விக்கு ரொம்ப நேரம் செலவழிக்க எனக்கு இஷ்டமில்லை. உன் வகுப்பை எண்ணிப் பார்க்கச் சொல் அம்மானை, எத்தனை பெண்கள் என்று. சினை பார்ப்பது பலத்தால் செய்கிற வேலை இல்லை, கை உள்ளே போனபிறகு விரல் நுனிக்குத்தான் வேலை. கன்று குறுக்கே கிடந்தால் திருப்பத் தெரிந்தவர் ஒருவர், கயிறு இழுக்க நாலு பேர், அந்த நாலு பேர் ஊரில் எப்போதும் இருப்பார்கள். ஆனால் தங்குமிடம், ராத்திரி கேஸுக்கு யாரோடு போவது, பண்ணையில் பெண்களுக்குக் கழிப்பறை உண்டா என்று அவர் கவலைப்பட்டால் அது நியாயமான கவலை, அதை நீயே முன்கூட்டிப் பேசி முடித்துவிடு. இன்னொரு தோழியோடு சேர்ந்து ஒரே இடத்துக்கு விண்ணப்பி.

எங்கே போவது? நீ நாமக்கல், காட்டுப்பாக்கம், நீலகிரி சாண்டிநல்லா என்று யோசித்துக்கொண்டிருப்பாய். போகலாம், முட்டைக்கோழியின் பெரிய கணக்கைப் பார்க்க நாமக்கல்லை விட்டால் வேறு எங்கே. ஆனால் உன் வீட்டுப் பக்கத்திலேயே செட்டிநாட்டில் அரசுக் கால்நடைப் பண்ணை இருக்கிறதே. குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கல்லூரி வழியாகக் கடிதம் கொடுத்துக் கேட்டுப் பார். சில நாட்களையாவது பண்ணை மதிலுக்கு வெளியே செலவழி, ஏனென்றால் நம் பக்கத்துக் கால்நடையில் பெரும்பங்கு மதிலுக்குள் இல்லை. கண்மாய்க் கரையிலும் சீமைக்கருவேலங்காட்டிலும் மேய்கிற வெள்ளாடு, அறுவடை முடிந்த வயலில் கிடை போடுகிற செம்மறி, புலிக்குளம் மாட்டுக் கிடை, 2011-க்குப் பிறகு விலையில்லாத் திட்டத்தில் வந்த நாலு ஆட்டை வைத்து மந்தையாக்கிய அம்மாக்கள், இவர்கள்தான் உன் வாடிக்கையாளர்கள்.

கிடை ஆட்டை ஊர் ஊராக மேய்க்கிற ஒரு கீதாரியோடு ரெண்டு நாள் நட, புத்தகத்தில் படித்த பாதி சரியாக உட்காரும், மீதி கேள்வியாக மாறும். அங்கே மாட்டை அசையாமல் நிறுத்துகிற டிராவிஸ் சட்டம் கிடையாது, பதிவேடு கிடையாது, ஆனால் எந்த மறி எந்த ஈத்தில் என்ன போட்டது என்று அவருக்கு மனப்பாடம். மழைக்குப் பிறகு குடற்புழு ஏறும். எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் ஒரே மருந்தை ஊற்றினால் புழுவுக்கு மருந்து பழகிவிடும் என்று நீ படித்திருப்பாய். கீழ் இமையை இறக்கி நிறம் பார்த்து, வெளுத்ததற்கு மட்டும் மருந்து கொடுக்கிற முறை ஒன்று தென்னாப்பிரிக்காவில் செம்மறிக்காக உருவாக்கினார்கள், ஃபமாச்சா அட்டை என்பார்கள். ரத்தம் குடிக்கிற புழுவுக்கு மட்டும்தான் அது செல்லும், மற்றப் புழுவுக்குச் சாணிச் சோதனைதான். அதைக் கீதாரியிடம் காட்டிப் பார், "இதைத்தானே எங்க அப்பா பாத்தாரு" என்று சொன்னாலும் ஆச்சரியப்படாதே. புது மழையில் கொழுத்த புல் மேய்ந்து, நேற்று துள்ளிய குட்டி இன்று செத்துக்கிடந்தால் அது துள்ளுமாரி, தடுப்பூசி மழைக்கு முன்னால் போயிருக்கவேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஒருமுறை போட்டால் மூன்று வருடம் தாங்கும். ஆக, எந்த மாதத்தில் எந்த ஊசி என்று அந்தக் கிடைக்கு ஒரு காலண்டர், அவர்கள் எந்த மாதம் எந்த ஊரில் இருப்பார்கள் என்பதை வைத்து எழுதவேண்டும். ஆஸ்பத்திரிச் சுவரில் தொங்குகிற அட்டவணை அங்கே உதவாது.

சிராவயல், அரளிப்பாறை மஞ்சுவிரட்டுக் காளைகளைப் பார்க்கவும் உன்னைக் கூப்பிடுவார்கள். போ, ஆசையாக இருக்கும். ஆனால் அந்தக் காளைக்குப் பருத்திவிதையும் பேரீச்சையும் போட்டு நீச்சல் பழக்குகிற வீட்டில், கறவைப் பசுவுக்கு தாது உப்பு போட்டார்களா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வா.

வெளிநாட்டு எலெக்டிவ் பற்றி. கடன் வாங்கிப் போகாதே, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அங்கே படிக்கிறவர்களுக்கு அது நல்ல பயிற்சி. பிரிட்டனில் கால்நடை மருத்துவ மாணவர்கள் சிகிச்சைப் பாடத்துக்குப் போகும் முன்பே வாரக்கணக்கில் பண்ணையில் ஆடு குட்டி போட உதவுகிற வேலை, கறவை வேலை எல்லாம் செய்துவிட்டுத்தான் வரவேண்டும். அந்த ஒழுங்கை நாம் கடன் வாங்கலாம், பணத்தை வேண்டாம். கறிக்காக ஆயிரக்கணக்கில் மாட்டை நிறுத்திக் கொழுக்கவைக்கிற அமெரிக்க ஃபீட்லாட்டில் நாலு வாரம் நின்றால் பிரமிப்பு வரும், திருப்பத்தூர்ப் பக்கம் ஆறு மாடு வைத்திருப்பவருக்கு என்ன சொல்வது என்று வராது. மேல்படிப்புக்கு அங்கேதான் போவது என்று முடிவாகிவிட்டால், உதவித்தொகையோடு போக வழி தேடு.

சம்பாத்தியத்தை மறைத்துப் பேச விரும்பவில்லை. பெட் கிளினிக்கில் கையில் காசு சீக்கிரம் வரும், அது உண்மை. கால்நடை உதவி மருத்துவர் வேலைக்குத் தேர்வாணையத்தை நம்பிக் காத்திருக்கவேண்டும். ஆனால் தனியார் பால் நிறுவனம், தீவனக் கம்பெனி, பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிக் கம்பெனிகள், வங்கியில் வேளாண் கள அலுவலர் வேலை, இவை எல்லாவற்றிலும் உன்னிடம் கேட்கப்போவது "எத்தனை ஆபரேஷன் செய்தாய்" என்று இல்லை, "இந்தப் பண்ணை ஏன் நஷ்டத்தில் ஓடுகிறது" என்றுதான். அந்தக் கேள்விக்கு உருப்படியாகப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பேர் பெற்ற பண்ணையா என்று பார்க்காதே. பதிவேடு எழுதுகிறார்களா, அதை உன்னிடம் காட்டுவார்களா, செத்த மாட்டைப் பிரேதப் பரிசோதனை செய்ய விடுவார்களா, வாரம் ஒருமுறையாவது யாராவது உட்கார்ந்து உன்னோடு பேசுவார்களா என்று கேள். கணக்கு நோட்டைக் காட்டமாட்டேன் என்கிற இடத்துக்குப் போனால் கறவைக் கொட்டகையில் செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பி வருவாய், அவ்வளவுதான். போனபிறகு, எல்லாவற்றையும் அரைகுறையாகப் பார்க்காமல் ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள். கன்று இறப்பாக இருக்கட்டும். பிறந்த முதல் மணி நேரத்துக்குள் சீம்பால் போகிறதா, கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கொடுக்கிறார்களா, தொப்புளுக்கு அயோடின் வைக்கிறார்களா, இதை மட்டும் கடைசிவரை விடாமல் பின்தொடர்.

ஒரு சங்கடம் கட்டாயம் வரும், இப்போதே சொல்லிவைக்கிறேன். "டாக்டரம்மா, ஒரு ஊசியப் போட்டுட்டுப் போங்க" என்பார்கள். தேவையில்லாத ஆன்டிபயாட்டிக் போடாதே, தேவைப்பட்டுப் போட்டால் எத்தனை நாள் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக்கூடாது என்பதைப் பேப்பரில் எழுதிக் கொடு. அவர்கள் முகம் சுளிக்கும், இருக்கட்டும்.

கிளம்பும் முன் வெறிநாய்க்கடி முன்தடுப்பூசியைப் போட்டு முடித்துவிடு. எச்சில் ஒழுக நின்று கத்துகிற மாட்டைக் காட்டி, "தொண்டையில என்னமோ மாட்டிக்கிச்சு, கையவிட்டுப் பாருங்க" என்பார்கள். வெறுங்கையை விடாதே, முதலில் வெறிநோயாக இருக்குமோ என்று யோசி. நஞ்சுக்கொடி எடுக்கும்போதும் கருச்சிதைந்த கன்றைத் தொடும்போதும் கையுறை, முகக்கவசம், கண்ணாடி மூன்றும் வேண்டும். கருச்சிதைவு உண்டாக்கி மனிதருக்கும் தொற்றுகிற புரூசெல்லா நோயின் தடுப்பூசி மருந்திலும் உயிருள்ள கிருமி இருக்கிறது, உன் விரலில் குத்திக்கொண்டால் காய்ச்சல் உனக்கு வரும், மறைக்காமல் அன்றே மருத்துவரிடம் போகவேண்டும். அப்புறம் கம்பூட்ஸ் சொந்தமாக ஒரு ஜோடி வாங்கு, காலுக்குச் சரியான அளவில், ஒரு மந்தையிலிருந்து இன்னொரு மந்தைக்குப் போகுமுன் கிருமிநாசினியில் தேய்த்துக் கழுவு, அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான்.